ஞாயிற்றுக்கிழமை வீடுகள்

பய்யன்னூர்,
கர்க்கடகம் 9, வியாழக்கிழமை.

அன்பு மிகுந்த ஷைமா சேச்சிக்கு,

ஷிம்னா எழுதுவது. இங்கே மூன்று பிள்ளைகளும் நலம், ரஜீஷேட்டன் நலம். சமையலறைக் கூரை மட்டும் நலமில்லை. ஓடு மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிறது. இரண்டு வாளி வைத்திருக்கிறேன். நிளாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நீங்கள் கொடுத்து அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது, அன்றைக்கே தீர்ந்தும் போனது. தன்மயா மட்டும் தன் பங்கை எண்ணி எண்ணி வைத்துத் தின்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். பகலில் வீட்டில் இருக்கிற போன் என்னுடையது ஒன்றுதான். அது பாதி நேரம் உங்கள் மகள் தன்மயா கையில். நான் உங்களுக்கு எதை அனுப்பினாலும் உங்களுக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடமிருந்து எதையும் மறைக்க முடிவதில்லை. அவள் படிக்கக் கூடாதது இதில் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரி லீனா சனிக்கிழமை குவைத் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். உறையை நன்றாக ஒட்டித்தான் அவளிடம் கொடுக்கிறேன்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி நீங்கள் போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கை ஒழியவில்லை என்று சொன்னேன். கை ஒழிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "வாசகசாலைல உனக்கு என்ன பெருசா குடுக்கறாங்க? அத நான் மாசாமாசம் போட்டு விடறேன். நீ வீட்ல இருடீ. பிள்ளைங்க ஒரு தடவதான் சின்னப் பிள்ளைங்களா இருக்கும்" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் மீன் செதில் கண்ணில் பட்டதுபோல் ஆகிவிட்டது.

நீங்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான்தான். நிளாவை ஒரு வீட்டிலிருந்து கூட்டிவரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அது பாதிதான் சேச்சி. மீதியைக் கேளுங்கள்.

என் வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. வாரத்தில் நாலு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பையில் முப்பது புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினால் ஆறு மணிக்குத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கே கிளம்ப வேண்டும். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அன்றைக்குத்தான் ஆள் இருக்கும். வாசகசாலைப் பேச்சில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை வீடுகள் என்றே பெயர். நாற்பத்தொன்று இருக்கின்றன. நம் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள் என்பது இந்த வேலையை ஏற்பாடு செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் முதல் வருடம் தோன்றவில்லை.

ரஜீஷேட்டன் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓட்டினால்தான் எங்களுக்குக் கட்டுபடியாகிறது. ஸ்ராவணுக்கு ஏழு வயது, மைதானத்துக்கு அனுப்பிவிட்டால் பசித்தால்தான் வருவான். நிளாவுக்கு நாலு. அவளைத் தன்மயாவிடம் விட்டுவிட்டுப் போகலாம், தன்மயாவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். அவளை ஆயாவாக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காகவா அவளை என்னிடம் விட்டுப் போனீர்கள்? அதனால் நிளாவைக் கூடக் கூட்டிப் போவேன். குன்று ஏறியதும் அவளுக்குக் கால் வலிக்கும். அங்கே கார்த்தியாயனியேச்சி வீட்டில் விட்டுவிட்டு, மற்ற வீடுகளை முடித்துத் திரும்பும்போது கூட்டிவருவேன். ஒரு வருடமாக இதுதான் வழக்கம்.

கார்த்தியாயனியேச்சியை உங்களுக்கு நினைவிருக்கும். பீடிக் கம்பெனியில் முப்பது வருடம் சுற்றியவர், இப்போது வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார். அங்கே வேலை செய்கிறபோது ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்களாம். அந்தப் பழக்கத்தில் இப்போது துப்பறியும் கதை இல்லாமல் கை ஓடாது அவருக்கு. போன மாதம் என்னைப் படியேற விடவில்லை. "டீ ஷிம்னா, நீ குடுத்த புஸ்தகத்துல கடைசி நாலு பக்கம் காணோம். கொன்னவன் யாருன்னு தெரியாம ஒரு வாரமா சோறு எறங்கல. நீ படிச்சிருக்கல்ல, சொல்லிட்டு உள்ள வா" என்றார். நான் சொன்னதும், "த்தூ, அவனா? நான் அந்த டாக்டரச் சந்தேகப்பட்டேனே" என்று எல்லா டாக்டர்களையும் திட்டித் தீர்த்தார்.

நான் உங்களிடம் பாதி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் நிளாவை அங்கேதான் விட்டேன். நல்ல மழை. வயலுக்கு அந்தப் பக்கம் கடைசி ஏழு வீடு இருக்கும்போது, செயலாளர் குஞ்ஞிராமேட்டன் போனில் கத்தினார். "தாலுக்காவுலேருந்து கிரேடு பாக்க வந்துட்டாங்க. ஒரு வார்த்த முன்னாடி சொல்லல. ரெஜிஸ்டர் உன் பைலதான இருக்கு? ஓடி வா" என்றார். கிரேடு குறைந்தால் வாசகசாலைக்கு வருகிற பணம் குறையும், என் வேலையே இருக்காது. குன்று வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். வயல் வரப்பில் இறங்கினால் பத்து நிமிடம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

வந்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு புத்தகமாகக் கேட்டார்கள். இது எங்கே, அது எங்கே என்று. வெளியே போயிருந்தது இருநூற்றுப் பதினான்கு புத்தகம். ரெஜிஸ்டரைப் பார்க்காமலே சொன்னேன் சேச்சி. இது இன்ன வீட்டில் இருக்கிறது, பாதி படித்திருக்கிறார்கள், அடுத்த வாரம் வந்துவிடும் என்று. ஒரு ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல இருக்கற ஃபைல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா" என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டீயும் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரியும் வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். எத்தனை வருடமாயிற்று எனக்கு ஒருவர் கைதட்டி. நாலு பழம்பொரியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, பிள்ளைகளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். எண்ணித்தான் எடுத்தேன். தன்மயாவுக்கு ஒன்று, ஸ்ராவணுக்கு ஒன்று, நிளாவுக்கு இரண்டு.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். தன்மயா திறந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எளயம்மா, நிளா எங்க?" என்றாள்.

இருநூற்றுப் பதினான்கு புத்தகமும் எங்கே இருக்கிறது என்று சொன்னவளுக்கு அந்த ஒன்று தெரியவில்லை. ஒரு நிமிடம் நிஜமாகவே தெரியவில்லை சேச்சி. இதை நான் ரஜீஷேட்டனிடம்கூடச் சொல்லவில்லை. தன்மயா என் முகத்தைப் பார்த்தாள். குடை எடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை, குன்றைப் பார்த்து ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். பொட்டலம் கையிலேயே இருந்தது. வந்தவர்கள் முன்னால் சத்தத்தை அணைத்துவைத்த போன் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கார்த்தியாயனியேச்சி ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

நிளா கஞ்சியும் பயறும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்த்தியாயனியேச்சி என்னைக் கண்டதும், "கோழிக்குஞ்சையாடீ விட்டுட்டுப் போன? வரப்புல தண்ணி ஏறுது, நீ அதுல போயிட்டியோன்னு நான் செத்துப் பொழச்சேன்" என்று அழுதுவிட்டார். அப்புறம் சொன்னார், "உன் மக அழல. ஒரு சொட்டு அழல. நான் அழறதப் பாத்துட்டு, எல்லா வீடும் முடிஞ்சப்புறம் அம்மா வரும்னு எனக்குச் சமாதானம் சொல்லுது." நிளா என்னிடம் ஓடி வரவில்லை. கஞ்சியை முடித்துவிட்டு, "எல்லாப் புஸ்தகமும் குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

அவள் அழுதிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ரஜீஷேட்டனிடம் வேலையை விடப்போகிறேன் என்றேன். பஸ் ஓட்டி வந்த களைப்பில், சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "விடறதுன்னா விடு, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா விட்டுட்டு நாளைக்கு என் தலைல போடாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. நான் ராஜினாமா எழுதிப் பையில் வைத்தேன். அதோடு பத்து நாள் வீடு வீடாக நடந்திருக்கிறேன், கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்றால் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வாசகசாலை ஆண்டு விழாவில் இதைச் சமூக சேவை என்பார்கள். எனக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. நாலு மணி நேரம் யாரும் என்னிடம் சோறு கேட்பதில்லை. கதவு திறக்கும்போதே முகம் மலர்கிறது. கள் இறக்கப் போய்ப் பனையிலிருந்து விழுந்தாரே பவித்ரன், மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பேப்பரைத் தவிர வேறெதையும் படித்தறியாதவர். இப்போது வாரம் ஒரு நாவல் முடிக்கிறார். "நீ வராத வாரம் எனக்குக் கெழமையே தெரியாது" என்பார். அவரிடம் மட்டும் போன செவ்வாய்க்கிழமை சொன்னேன், விடலாம் என்று இருக்கிறேன் என்று. "சின்னப் பிள்ளைங்கள வெச்சுட்டு நீ எதுக்கு அலையற, விடு" என்றார். பிறகு தலைமாட்டில் இருந்த புத்தகத்தை எடுத்து நீட்டி, "அப்ப இதையும் எடுத்துட்டுப் போயிடு" என்றார். பாதிதான் படித்திருந்தார். படித்து முடியுங்கள் என்று வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தப் பாதிப் புத்தகம்தான் மனசில்.

வீட்டில் இருந்துதான் பார்ப்போமே என்று போன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு இருந்தேன். காலையில் புட்டும் கடலைக் கறியும் செய்தேன், பிள்ளைகளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பத்து மணி வரை நான் நல்ல அம்மா. பதினொன்றுக்குச் சேற்றுக் காலோடு வந்த ஸ்ராவணை அடித்தேன். துவைத்தது காயவில்லை, வாளி நிரம்பிவிட்டது, நிளா எதற்கோ சிணுங்க அவளிடமும் கத்தினேன். வீட்டில் இருப்பது வேறு, பிள்ளைகளோடு இருப்பது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. விட்டுவிடாமல் வேலைக்கே போகலாம் என்று நினைத்தேன். அப்புறம் மத்தியானம் நிளா என் வயிற்றின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம். வெளியே மழை. அவள் பகலில் தூங்கி நான் பார்த்து ஒன்றரை வருடமாயிற்று. தூங்கும்போது அவள் கால் பெருவிரலை ஆட்டுகிறாள், அது எனக்குத் தெரியாது. அம்மா தெரியாமல் இருக்கலாமா இதை? அப்போது ராஜினாமாவைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இப்படித்தான் இருக்கிறேன் சேச்சி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அன்று மாலைதான் தன்மயா கேட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதியது.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் சொன்னபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கையெல்லாம் மீன். அவள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது நாள் மனசில் வைத்திருந்திருக்கிறாள். அரைகுறையாகக் காய்ந்த துணியை இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். "எளயம்மா, நீ வீட்ல இருக்கறதுக்கு அம்மா காசு தர்றேன்னாங்கல்ல? அப்ப அம்மா வீட்ல இருக்கறதுக்கு யாரு காசு குடுக்கணும்?" என்று கேட்டாள். அழவில்லை. கோபமில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "எவ்ளோ ஆகும்?" என்று அடுத்ததும் கேட்டாள்.

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பாலே இல்லை. வாளியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது என் பங்குத் துணியையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன்மயாவுக்கு இரண்டரை வயதில் நீங்கள் விமானம் ஏறியது எதற்காக என்று எனக்குத் தெரியும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, என் கல்யாணம், நான் திட்டிக்கொண்டிருக்கிற இந்தக் கூரை, எல்லாம் நீங்கள் வார்டில் நின்று சம்பாதித்தது. நான் என் மகளை இரண்டு மணி நேரம் மறந்தேன். நீங்கள் உங்கள் மகளைப் பத்து வருடத்தில் ஒரு நிமிடம்கூட மறந்ததில்லை. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வருடா வருடம் போனில் நீங்கள் சொல்கிற 'அடுத்த வருஷம் வர்றேன்' மட்டும்தான். பிள்ளைகள் ஒரு தடவைதான் சின்னவர்களாக இருப்பார்கள் என்று நீங்கள் எனக்குச் சொன்னது யாரை நினைத்து என்று போனை வைத்த பிறகுதான் விளங்கியது.

அதனால் பணம் அனுப்ப வேண்டாம். ரோஷத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பணம் தந்து நான் வீட்டில் இருந்தால், நிளா பக்கத்தில் நான் உட்காரும்போதெல்லாம் தன்மயா அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

நேற்று ராஜினாமாவைக் கிழித்துவிட்டு வேறொரு கடிதம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போக மாட்டேன், அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் போகிறேன், அன்றைக்கு ரஜீஷேட்டன் சீக்கிரம் வருவார் என்று. குஞ்ஞிராமேட்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சனிக்கெழம யாரு வீட்ல இருப்பா? பூட்டுக்கா புஸ்தகம் குடுப்ப? நாளைக்கே இந்த வேலைக்கு நாலு பேரு வருவாங்க ஷிம்னா, நான் உனக்காகச் சொல்றேன்" என்றார். மாதக் கடைசியில் கமிட்டி கூடி முடிவு சொல்வார்களாம். வேண்டாம் என்றால் வேறு யாராவது என் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். போனால் போகட்டும் என்று வாய் சொல்கிறது. மனசு நாற்பத்தொரு வீட்டுப் படியிலும் ஏறி இறங்குகிறது. ஆனாலும் அந்த நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன் சேச்சி. அழாமல் உட்கார்ந்திருக்க என் மகள் கற்றுக்கொண்டது போதும்.

அங்கே உங்கள் விஜேஷேட்டனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? லீனாவிடம் தைலம் இரண்டு புட்டி கொடுத்திருக்கிறேன், சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்கள். பகவதி உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். தன்மயாவுக்கு எழுதுங்கள். போன் வேண்டாம், கையால் எழுதுங்கள். அவள் என்னிடம் கேட்டது உங்களிடம் கேட்டதுதான். கணக்காகக் கேட்டாள், கணக்காகவே சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். இன்னும் இவ்வளவு கடன் கட்ட வேண்டும், இத்தனை மாதம் ஆகும், இந்தத் தேதிக்கு வருகிறேன் என்று. வர முடியாது என்றால் வர முடியாது என்றே எழுதுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அழட்டும். எதை எழுதினாலும் சரி, அடுத்த வருடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சேச்சி.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
ஷிம்னா